ஒவ்வொரு மரத்திலும் ஒரு கொத்து

மாசி மாதத்துக் காலை. மரக்காணத்துக்கு வெளியே, உப்பளங்களுக்கும் அம்மன் காட்டுக்கும் நடுவே இருக்கிற மேய்ச்சல் தரையில் நின்று ஒரு பாலை மரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி பிலோமினா மேடம் கேட்டிருந்தார். "காய் பிடிச்சிருக்குதான்னு போய்ப் பாத்துட்டு ஒரு போட்டோ அனுப்புங்க சார்." காய் நன்றாகவே பிடித்திருந்தது. வேப்பங்காய் அளவில், பச்சைப் பசேலென்று கொத்துக் கொத்தாக. படத்தை அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. அது நீலமாகட்டும் என்று பைக்கில் சாய்ந்து நின்றேன். அவர் தம்பி ஆரோக்கியத்தின் போன்தான் வந்தது.

"சார், அக்கா தவறிட்டாங்க சார்."

எதிரே பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள் அன்றைக்கும் வாரிக்கொண்டிருந்தார்கள். லாரி ஒன்று நின்றது. எல்லாம் வழக்கம்போல நடந்துகொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். மற்றவர்கள் அவரோடு சேர்ந்து மரம் நட்டவர்கள். அவரிடம் திட்டு வாங்காதவர் என்று யாரும் இருக்க முடியாது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அவரும் ஒரே கல்லூரியில், ஒரே துறையில் தாவரவியல் நடத்தினோம். நான் இலையையும் பூவையும் பார்த்து இது இன்ன மரம் என்று பெயர் சொல்கிறவன். அவர் மரபணுப் பக்கம். பெயர் சொன்னதோடு என் வேலை முடிந்துவிடும், அவருடைய வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். "பாலை மரம்" என்று நான் சொன்னால், "சரி, எந்தப் பாலை மரம்?" என்பார். முதல் சில வருஷங்கள் அது எனக்கு அகம்பாவமாகத்தான் பட்டது.

அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்டார். காடு வளர்க்க நாங்கள் நடத்திவந்த நாற்றுப் பண்ணைக்கு ஒருமுறை குயிலாப்பாளையத்திலிருந்து ஒருவர் ஆசை ஆசையாக ஒரு பை நிறைய விதை கொண்டுவந்தார். வெயிலில் வந்த மனிதருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, "எந்த மரத்தோடது?" என்றார் மேடம். அந்த மனிதர் முழித்தார். "மரத்துலேர்ந்துதாங்க எடுத்தேன்." "அது தெரியுது. எந்த மரம்? ஒரு மரமா, பத்து மரமா? ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரம்?" வந்தவர் என்னைப் பார்த்தார். நான் சேரை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன். மேடத்தின் கோபத்துக்குப் பின்னால் ஓடி ஓடிச் சமாதானம் செய்வது துறையில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலையாக இருந்தது. வானூர் சந்தையில் மாம்பழம் வாங்கும்போதும் கடைக்காரப் பெண்ணிடம் இதையே கேட்க, "திங்கிறதுக்கு வாங்குறியா, சம்பந்தம் பேச வாங்குறியாம்மா?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். மேடம் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

அம்மன் காட்டைப் பற்றிச் சொன்னால்தான் அடுத்தது விளங்கும். உப்பளத்தை ஒட்டி இருக்கிற அந்தச் சின்னக் காட்டில் பாலை, காசா, வீரை மரங்கள் எப்போதிலிருந்து நிற்கின்றன என்று யாருக்கும் தெரியாது. உள்ளேயிருந்து எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது என்பது ஊர்க் கட்டு. விறகு மட்டுமில்லை. ஒரு சருகு, ஒரு பழம்கூட வரக் கூடாது. உள்ளேயே பழம் தின்றால் கொட்டையை உள்ளேயே துப்பிவிட்டு வர வேண்டும். கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லைக் கல்லிடம் நின்று வேட்டியை, முந்தானையை உதறிவிட்டுத்தான் காலை வெளியே வைப்பார்கள். மரக்காணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பிலோமினா மேடமும் அந்தக் கல்லிடம் நின்று முந்தானையை உதறுவார், ஊர்ப் பெண்களைவிட அக்கறையாக. "கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று நான் சீண்டினால், "மடிப்புல விதை இருக்குதான்னு பாக்குறது ஒரு நல்ல பழக்கம் சார்" என்பார்.

அந்த எல்லைக் கல்லுக்கு வெளியே, மேய்ச்சல் தரையில், தனியாக ஒரு பாலை மரம் நிற்கிறது. நான் படம் பிடித்த மரம். அதில் யார் வேண்டுமானாலும் பழம் பொறுக்கலாம். எனவே எல்லோரும் அதிலேயே பொறுக்கினோம். நாங்கள், எங்களுக்கு முன்னால் பண்ணை வைத்திருந்தவர்கள், பள்ளிக்கூடங்கள், காடு வளர்க்க வந்த வெளியூர்க்காரர்கள் எல்லோரும்தான். வானூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் பொம்மையார்பாளையத்துச் செம்மண் ஓடைகளிலும் நட்ட பாலைக் கன்றுகள் அத்தனையும் அந்த ஒரு மரத்தின் பிள்ளைகள். ஊர்க் கட்டை மதித்தோம் என்ற பெருமைகூட எங்களுக்கு இருந்தது.

நட்டவை மரமாகிப் பூத்தபோது விழா எடுத்தோம். பூத்ததே தவிரப் பழம் குறைவு. கிடைத்த பழத்திலும் கொட்டை பாதிக்கு மேல் பொக்கு. பிறகு ஒரு வறட்சி வருஷத்தில் இலையெல்லாம் ஒரே மாதிரி கருகியது. ஓரிரண்டு மரமாவது தப்பித்து நிற்கும் என்று பார்த்தால், நோயாளிகள் அனைவருக்கும் ஒரே மருத்துவச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி எல்லாம் ஒரே கோலத்தில் இருந்தன. மேடம் தோப்புத் தோப்பாகப் போய் இலை பறித்து, மரபணுச் சோதனை செய்தார். முடிவு வந்த நாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு மரக்காணம் உப்பளத்து ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் அப்பா வேலை பார்த்த உப்பளம் அது. குவித்து வைத்த உப்பைக் காட்டினார்.

"எங்கப்பா வாரின உப்பு, எங்க சித்தப்பா வாரின உப்புன்னு இதுல பிரிச்சுச் சொல்ல முடியுமா சார்? எந்தக் கல்லை எடுத்தாலும் ஒண்ணுதான். காடு அப்படி இருக்கக் கூடாது. நாம காடு வளர்க்கல. உப்புக் குவிச்சிருக்கோம்."

தனியாக நிற்கிற மரம். தேனீயும் சோம்பேறி. பக்கத்திலேயே பூ இருக்கும்போது அது எதற்குத் தூரம் போகும்? ஆகவே தாய் ஒன்று, தகப்பனும் பெரும்பாலும் அதே மரம். அதன் பிள்ளைகள் தோப்பாக நின்று தங்களுக்குள்ளேயே கலந்தால் விதை பொக்காகாமல் என்ன செய்யும்? இதையெல்லாம் அவர் பிறகு பண்ணைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். "இதுக்கு முதல் பொறுப்பு நான்தான், படிச்சவ நான்தானே" என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒருவர், "மரம் இப்போ மறுபடி பச்சையாத்தானே நிக்குது மேடம், அப்புறம் இன்னா பிரச்சினை?" என்று கேட்டார். மேடம் அவரைத் திட்டவில்லை. "இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க. இன்னிக்கு இருக்கிற வெயிலு, இன்னிக்கு இருக்கிற உப்பு, இன்னிக்கு இருக்கிற பூச்சிக்கு இது போதும். நாளைக்கு வேற ஒண்ணு வரும். அப்போ தாக்குப் பிடிக்க, இந்தக் கூட்டத்துல வேற மாதிரி ஒருத்தன் இருக்கணும். அவன் இல்ல" என்றார். அன்றிலிருந்து எந்த மேடையில் ஏறினாலும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார். "ஒரே மரத்துல கை வைக்காதீங்க. ஒவ்வொரு மரத்துலயும் ஒரு கொத்து எடுங்க."

வேறு காட்டிலிருந்து விதை கொண்டுவரலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதையும் சோதித்திருந்தார். மேட்டு நிலத்துக் கோயில் காடுகளில் மிஞ்சியிருந்த பாலைகளைப் பார்த்தால் எனக்கு இதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இலை ஒன்று, பூ ஒன்று. உள்ளே வேறு. அந்தக் காட்டுக் கன்றுகளை உப்பங்காற்று அடிக்கிற இடத்தில் வைத்தபோது நுனி நுனியாகக் காய்ந்தன. கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக உப்பைக் குடித்து வளர்ந்த பாலைகள் அம்மன் காட்டுக்குள் மட்டும்தான் இருந்தன. அவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்பது அவருடைய கணிப்பு. கணிப்புதான். ஓர் இலைகூட வெளியே வர முடியாதே, எதைச் சோதிப்பது?

ஊரில் போய்க் கேட்டோம். பூசாரி ஏழுமலை எங்கள் வயதுக்காரர். மரியாதையான மனிதர். எங்களை உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்து, முழுக்கக் கேட்டார். "நீங்க கேக்குறது நல்லதுக்குத்தாம்மா. ஆனா நாங்க எப்படிச் சரின்னு சொல்றது? இன்னா இருந்தாலும் அவகிட்ட கேக்கணும்." அம்மனிடம் பூ கேட்டார்கள். செவ்வரளியையும் நந்தியாவட்டையையும் தனித்தனியே காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். செவ்வரளி வந்தது. ஏழுமலைக்கே முகம் செத்துவிட்டது. "ஒரே காரியத்துக்கு மறுபடி கேக்க முடியாதும்மா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். மேடம் கும்பிட்டுவிட்டு வந்தார். எல்லைக் கல்லிடம் முந்தானையை உதறினார்.

திரும்பி வரும் வழியில் நான் பொறுமை இழந்துவிட்டேன். "பழம் உதிர்ற காலத்துல ஒரு நாள் உள்ளே போய்ப் பாக்கெட்டுல போட்டுட்டு வந்துடலாம் மேடம். ஒரு கைப்பிடி விதை. அம்மன் சோதனை போட்டா பாக்கப் போறா?" அவர் காரை ஓரங்கட்டிவிட்டார்.

"சார், இந்தக் கரையில எத்தனை காடு இருந்திருக்கும்? ஏன் இது ஒண்ணு மட்டும் நிக்குது? அந்தக் கட்டு இருக்கிறதாலதான் நிக்குது. அதை நானே உடைச்சிட்டு, நாளைக்கு எவனாவது மரத்தை வெட்ட வந்தா நான் இன்னா மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்க பக்கம் போய் நிக்கிறது?"

காட்டைக் காப்பாற்றியது எதுவோ அதுவேதான் எங்கள் கையைக் கட்டியது. இன்று வரை இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அவரைவிட்டால் வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். சாலையோரத்து ஆலமரத்தில் வௌவால்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "மனுஷங்களைத்தானே அவ தடுத்தா, வௌவாலை இல்லையே" என்று பழைய மீன்வலையை அதன் அடியில் விரித்தார். காட்டுக்குள் தின்றுவிட்டு வந்து அவை துப்புகிற கொட்டைகளைப் பொறுக்கத் திட்டம். ஏழுமலையிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தார். ஏழுமலை தலையைச் சொறிந்துவிட்டு, "அது வௌவாலு பாடு, அவ பாடு" என்றார். சில கொட்டைகள் கிடைத்தன, சில முளைத்தன. சோதித்துப் பார்த்தால் எல்லாம் அந்த வெளி மரத்தின் பிள்ளைகள். வௌவாலும் எங்களைப் போலத்தான், எட்டுகிற மரத்தில் தின்றிருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றோம். அடுத்த வருஷம் சாலையை அகலப்படுத்தினார்கள், ஆலமரம் போய்விட்டது.

இதற்கிடையில் காடும் இளைத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு புயலிலும் ஏதாவது ஒரு கிழட்டுப் பாலை சாயும். சாய்ந்ததையும் யாரும் தொட மாட்டார்கள், அங்கேயே மக்கும். புயல் ஓய்ந்த மறுநாள் மேடம் போய்விடுவார். விழுந்த மரத்தின் பக்கத்தில், இழவு வீட்டில் உட்காருகிற மாதிரி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். "இது ஒரு மரம் போனதில்ல சார். இது மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தது இன்னான்னே தெரியாம போச்சு." அவர் அழுது நான் பார்த்தது அங்கே மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கை மெலிந்து ஊசிக் குழாய்க்கு இடம் இல்லாமல் இருந்தது. எனக்கு வேறு வழி தோன்றாமல், "உங்க உடம்பைச் சொல்லி ஏழுமலைகிட்ட மறுபடி கேட்டுப் பாக்கட்டுமா மேடம்?" என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "பரிதாபப்பட்டுக் குடுத்துட்டு அப்புறம் அவங்க பயந்துக்கிட்டுக் கெடப்பாங்க. மரம் சாஞ்சாக்கூட இதனாலதான்னு நினைப்பாங்க. வேணாம் சார்." பிறகு, "வெளி மரத்துல காய் பிடிச்சிருக்குதா?" என்று கேட்டார். பிடித்திருந்ததைத்தான் நான் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு டிக்கும் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன.

அடக்கம் மறுநாள். மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில், ஒரு டாடா ஏஸில் அம்மன் காட்டு ஊர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஏழுமலை முன்னால் வந்தார். தோளில் பெரிய மாலை. பூ மாலை இல்லை. பாலைக் கிளைகளை வைக்கோல் புரியில் கட்டிச் செய்த மாலை. அடர்ந்த கரும்பச்சை இலை, இலைக்கு நடுவே கொத்துக் கொத்தாகக் காய். பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கும்பிட்டார். அருகில் போனேன். வாய் தானாகக் கேட்டது, மேடத்தின் கேள்வியை.

"எந்த மரங்க இது?"

"ஒரு மரமா?" என்றார் ஏழுமலை. "அந்தம்மாதான் எப்பவும் சொல்லுவாங்களே சார், ஒரே மரத்துல கை வைக்காதீங்கன்னு. உள்ள இருக்கிற பாலையில ஒண்ணு விடாம, ஒவ்வொரு மரத்துலயும் ஒரு கொத்து ஒடிச்சோம். நேத்து பூ கேட்டோம் சார். அப்ப கேட்டது விதைக்கு, இது வேற காரியம், அந்தம்மாவுக்குன்னு கேட்டோம். வெள்ளை வந்துச்சு. இந்த ஒரு தடவைதான், இனிமே கேக்கமாட்டோம்னு அவகிட்ட சொல்லிட்டோம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மண்ணு போட்டதும் நீங்க காயை எடுத்துக்குங்க. அவங்க கேட்டது அதுதானே. விதைக்கு ஆகும் இல்ல சார்?" என்றார்.

பாலை பழுப்பது சித்திரையில். மஞ்சளாகிக் கனிந்த பிறகுதான் உள்ளே விதை முற்றும். மாசியில் ஒடித்த காய்க்குள் பால்தான் இருக்கும். இது ஏழுமலைக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் சாவு வீட்டுக்குப் புறப்படுகிற அவசரத்தில் யார் மாதம் பார்க்கிறார்கள்? மேடம் மேடையில் சொன்னதை அத்தனை வருஷமும் கேட்டு, மனதில் வைத்து, அம்மனிடம் மன்றாடி வாங்கி, அப்படியே செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு மாதம் முன்னதாக. நான் ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆகும்" என்றேன்.

பெட்டியை இறக்குமுன் மாலையை எடுத்து ஓரமாக வைத்தார்கள். குழியில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். ஏழுமலையும் போட்டார். பிறகு மாலையிலிருந்து காய்களைப் பறித்தேன். உடைந்த காம்புகளில் பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. கிளைகளை நம் கன்றுகளில் ஒட்டுக் கட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. வெயிலில் வந்து வாடிப் போயிருந்தன. இருந்தும் கட்டினேன். ஒரு வாரத்தில் எல்லாம் கருகின. கொத்துக்கு ஓர் இலையாக எடுத்து, அவர் செய்வது போலவே உலர வைத்துத் தனித்தனி உறையில் போட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். சோதித்தால் அந்தக் காட்டில் எத்தனை விதம் இருக்கிறது என்று தெரியவரும். தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று சொல்ல அவர் இல்லை. காய்களைப் பண்ணையில் மணல் பாத்தியில் ஊன்றித் தினம் தண்ணீர் விடுகிறேன். முளைக்காது என்று எந்த மாணவனும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிலோமினா மேடத்திடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது என்ன என்று இரங்கல் கூட்டத்தில் கேட்டார்கள். இங்கே எழுதுகிறேன். இந்த இலை உறைகள், அந்த மணல் பாத்தி, எதைப் பார்த்தாலும் எந்த மரம் என்று கேட்கிற அந்தக் கெட்ட பழக்கம். இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

இப்போது சித்திரை. நேற்று அம்மன் காட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே காலடியெல்லாம் மஞ்சள் பழம். நடந்தால் மிதிபடுகிறது. ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து ஒரு பழத்தை எடுத்துப் பார்த்து, அந்தந்த மரத்தடியிலேயே வைத்துவிட்டு வந்தேன். எல்லைக் கல்லிடம் வேட்டியை உதறிக்கொண்டிருந்தபோது ஏழுமலை வந்தார்.

"முளைச்சுதா சார்?"

"பாலை மெதுவாத்தாங்க வரும்."

அவர் காட்டைத் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மா கை பட்டிருந்தா இந்நேரம் வந்திருக்கும்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.